இமயத்தின் கணக்கேட்டை எழுதுவது யார்?

புது தில்லி: இமயமலைப் பனியாறுகள் உருகி வருகின்றனவா என்ற கேள்வி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அடிக்கடி எழுப்பப்படும் கேள்விகளில் ஒன்று. அதற்கு மத்திய அரசு அளித்து வரும் எழுத்துமூலமான பதிலும் அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் அமைந்துள்ளது. இந்துகுஷ் இமயமலைப் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 14.9 மீட்டர் பின்வாங்குகின்றன. இந்தச் சராசரிக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ 15.1 மீட்டர் வேறுபாடு உண்டு என்பதே அப்பதிலின் சாரம். சிந்துப் படுகையில் 12.7 மீட்டர், கங்கைப் படுகையில் 15.5 மீட்டர், பிரம்மபுத்திராப் படுகையில் 20.2 மீட்டர் என்று தனித்தனிச் சராசரிகளும் அவையில் வைக்கப்பட்டுள்ளன.

சராசரியையே விஞ்சும் அளவுக்கு வேறுபாடு இருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. ஒரு பனியாறு ஆண்டுக்கு 30 மீட்டர் பின்வாங்கியிருக்கலாம். அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள மற்றொன்று அசையாமலே இருந்திருக்கலாம். காரகோரம் பகுதியில் பெரிய மாற்றம் ஏதுமில்லை என்று அதே பதிலில் அரசு கூறுகிறது. ஆகவே சராசரியை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்டலாம், எந்தக் கிராமத்தை இடம்பெயர்க்க வேண்டும் என்று எவராலும் முடிவு செய்ய இயலாது. அதற்கு, குறிப்பிட்ட சில இடங்களைத் தேர்ந்தெடுத்து ஆண்டு தவறாமல், ஒரே முறையில், பல பத்தாண்டுகள் அளந்தாக வேண்டும். பனிக்கு மட்டுமன்றி, மர எல்லை, புல்வெளி, மண், விலங்குகள், நீரோடைகள் என உயர்மலைச் சூழல் முழுமைக்கும் இது பொருந்தும்.

அந்த அளவீட்டை யார் செய்வது, எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது, எவ்வளவு காலத்துக்கு ஒதுக்குவது என்ற கேள்விகளுக்குத்தான் தில்லியில் இன்னும் தெளிவான விடை இல்லை.

எண்ணிக்கையும் அளவீடும்

இந்திய இமயமலைப் பகுதியில் 9,575 பனியாறுகள் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பட்டியலிட்டுள்ளது. ஆனால் பட்டியலிடுவது வேறு, அளப்பது வேறு. பனியாற்றின் மீது கம்பங்களை நட்டு, குளிர்காலத்தில் எவ்வளவு பனி சேர்ந்தது, கோடையில் எவ்வளவு கரைந்தது என்று ஆண்டுதோறும் நேரில் சென்று கணக்கிட்டால்தான் அதன் நிறை கூடுகிறதா, குறைகிறதா என்பது தெரியும். அவ்வாறு களத்தில் அளக்கப்பட்ட பனியாறுகள் இந்தியாவில் சில பத்துகளைத் தாண்டா. அவற்றிலும் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குப் பின் கைவிடப்பட்டவை.

விதிவிலக்காகக் குறிப்பிடத்தக்கது ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியிலுள்ள சோட்டா சிக்ரி பனியாறு. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரெஞ்சு விஞ்ஞானிகளுடன் இணைந்து 2002 முதல் அதன் நிறையைத் தொடர்ந்து அளந்து வந்துள்ளனர். ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ அரை மீட்டர் உயர நீருக்குச் சமமான பனியை அது இழந்து வருவது இதன்மூலம் உறுதியாகியுள்ளது. இந்திய இமயமலையில் இடைவெளியின்றி நீளும் இத்தகைய பதிவுகளில் மிக நீண்டது இதுவே. ஆயினும், ஒரு பனியாற்றை உலகளாவிய ஒப்பீட்டுக்கு உரியதாக ஏற்க 30 ஆண்டுப் பதிவு வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. அந்தத் தகுதியை சோட்டா சிக்ரி 2032-இல்தான் எட்டும். ஸ்வீடனில் உள்ள ஸ்டோர்கிளேசியரன் பனியாற்றின் பதிவு 1946-இல் தொடங்கியது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தியா எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பது விளங்கும்.

சோட்டா சிக்ரியின் நீர் சந்திரா நதி வழியே செனாபில் கலக்கிறது. 2025 ஏப்ரலில் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்த பிறகு, செனாப் உள்ளிட்ட மேற்கு நதிகளில் மின் திட்டங்களை விரைவுபடுத்த வேண்டும் என்ற குரல் வலுத்துள்ளது. கங்கையின் நீரோட்டத்தில் பருவமழைக்கே பெரும் பங்கு. சிந்துப் படுகையிலோ பனி உருகிவரும் நீரின் பங்கு மிக அதிகம். அணைகளுக்கான நீர்க்கணக்கு, அவற்றின் ஆயுட்காலம் முழுவதற்கும் சரியாக இருக்க வேண்டுமானால், மேலே பனி எந்த வேகத்தில் குறைகிறது என்பது தெரிந்தாக வேண்டும். விஞ்ஞானிகளின் ஆர்வம் சார்ந்த விஷயமாக மட்டும் இதைக் கருத முடியாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

செடிகள் சொல்லும் சேதி

பனி உருகுவது கண்ணுக்குத் தெரியும். அதைவிட மெதுவாக, ஆனால் அதே அளவு உறுதியாக நிகழ்வது உயர்மலைத் தாவரங்களின் இடப்பெயர்ச்சி. வெப்பம் கூடும்போது கீழ்ச்சரிவுகளில் வளரும் செடிகள் மேல்நோக்கி நகர்கின்றன. ஏற்கெனவே உச்சியில் வாழ்பவற்றுக்கு அதற்கு மேல் போக இடமில்லை.

இதை அளப்பதற்காக ஆஸ்திரியாவைத் தலைமையிடமாகக் கொண்டு "குளோரியா" என்ற சர்வதேசக் கண்காணிப்பு வலைப்பின்னல் 2001-இல் ஐரோப்பாவில் களப்பணியைத் தொடங்கியது. அதன் முறை மிக எளிமையானது. ஒரு மலைப்பகுதியில் வெவ்வேறு உயரமுள்ள நான்கு சிகரங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சதுர மீட்டர் அளவுள்ள நிரந்தரக் கட்டங்கள் குறிக்கப்பட்டு, அவற்றிலுள்ள எல்லாத் தாவரங்களும் பதிவு செய்யப்படுகின்றன. மண்ணுக்குள் வெப்பமானி புதைக்கப்படுகிறது. ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குப் பின் அதே கட்டத்துக்குத் திரும்பிவந்து மீண்டும் கணக்கெடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் 60 சிகரங்களில் 2001-லும் 2008-லும் எடுக்கப்பட்ட கணக்குகளை ஒப்பிட்டு 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. குளிர் விரும்பும் தாவரங்கள் குறைந்து, வெப்பம் விரும்புபவை கூடி வருவதை அது எடுத்துக்காட்டியது. 302 ஐரோப்பியச் சிகரங்களின் பழைய பதிவுகளைத் திரட்டி 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்த மாற்றம் ஆண்டுக்கு ஆண்டு விரைவடைந்து வருவதை நிறுவியது. அங்கே 145 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்லும் பதிவுகள் இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

இந்தியாவிலும் அத்தகைய ஓர் அரிய ஏடு உண்டு. ஆங்கிலேயத் தாவரவியலர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1848 முதல் 1850 வரை சிக்கிமில் பயணம் செய்து, எந்தச் செடி எந்த உயரம் வரை வளர்கிறது என்று குறித்து வைத்தார். ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின் தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் அதே பள்ளத்தாக்குகளில் மீண்டும் ஆய்வு செய்தனர். 2013-இல் வெளியான முடிவுகளின்படி, ஆராயப்பட்ட 124 தாவர இனங்களில் 87 சதவீதம் தமது வாழ்விடத்தை மாற்றிக்கொண்டுள்ளன. சில இனங்களின் மேல் எல்லை 23 மீட்டரும், சிலவற்றின் எல்லை 998 மீட்டர் வரையிலும் உயர்ந்துள்ளது. ஒரு தனிமனிதரின் நாட்குறிப்பு இல்லாதிருந்தால் சிக்கிமில் நிகழ்ந்த இந்த மாற்றத்துக்குச் சான்றே இருந்திருக்காது. இமயத்தின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய ஏடு இல்லை.

2035 தந்த பாடம்

பதிவுகள் இல்லாத இடத்தில் ஊகங்களும் அரசியலும் எளிதில் குடியேறிவிடுகின்றன. இதற்கு 2009, 2010-ஆம் ஆண்டுகளில் தில்லியில் நடந்த சர்ச்சையே சிறந்த எடுத்துக்காட்டு.

ஐ.நா.வின் பருவநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையேயான குழு, 2007-இல் வெளியிட்ட நான்காவது மதிப்பீட்டு அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று குறிப்பிட்டிருந்தது. 2009 நவம்பரில் அப்போதைய சுற்றுச்சூழல் துறை இணையமைச்சர் (தனிப்பொறுப்பு) ஜெய்ராம் ரமேஷ், புவியியல் ஆய்வுத்துறையின் முன்னாள் அதிகாரி வி.கே. ரெய்னா தயாரித்த ஆய்வறிக்கையை வெளியிட்டார். பனியாறுகளின் பின்வாங்கலுக்குப் புவி வெப்பமடைதலே காரணம் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அது வாதிட்டது. குழுவின் அப்போதைய தலைவர் ஆர்.கே. பச்சௌரி அந்த அறிக்கையை மாந்திரீக விஞ்ஞானம் என்று கடுமையாகச் சாடினார்.

2010 ஜனவரி 20-ஆம் தேதி அக்குழு, 2035 பற்றிய வாசகம் போதிய ஆதாரமின்றிச் சேர்க்கப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. 1999-இல் பத்திரிகை ஒன்றில் வெளியான பேட்டியிலிருந்து அந்த ஆண்டு கைமாறிக் கைமாறி அறிக்கைக்குள் நுழைந்திருந்தது தெரியவந்தது. அரசுத் தரப்புக்கு இது வெற்றியாகக் கருதப்பட்டது. ஆனால் உண்மையில் இரு தரப்பினர் கையிலும் தமது கூற்றை நிலைநாட்டப் போதிய நீண்டகாலப் பதிவுகள் இல்லை என்பதே அந்தச் சர்ச்சை வெளிப்படுத்திய செய்தி. பனியாறுகள் 2035-இல் மறையப் போவதில்லை என்பது சரியே. எனினும் காத்மாண்டில் உள்ள ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான சர்வதேச மையம் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முந்தைய பத்தாண்டுடன் ஒப்பிடுகையில் 2011 முதல் 2020 வரையிலான காலத்தில் இப்பகுதியின் பனியாறுகள் 65 சதவீதம் கூடுதல் வேகத்தில் கரைந்துள்ளன. தவறான ஆண்டைச் சுட்டிக்காட்டியதில் காட்டிய உற்சாகம், சரியான ஆண்டைக் கண்டறிவதில் காட்டப்படவில்லை.

பேரிடருக்குப் பின் விழிப்பு

2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத்தைத் தாக்கிய வெள்ளத்தில் 4,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அன்று மேலே என்ன நடந்தது என்பதற்கு நேரடிச் சான்றாக அமைந்தது ஒரே ஓர் அளவீடு. டேராடூனில் உள்ள வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனம் சோராபாரி பனியாற்றுக்கு அருகே ஆய்வு முகாம் ஒன்றை நடத்தி வந்தது. ஜூன் 15 மாலை முதல் 24 மணி நேரத்தில் 325 மி.மீ. மழை பெய்ததை அங்கிருந்த மழைமானி பதிவு செய்தது. சோராபாரி ஏரி உடைந்ததற்கான காரணத்தை விஞ்ஞானிகள் விளக்க முடிந்தது இந்த எண்ணின் துணையால்தான்.

இத்தகைய ஆய்வுகளை விரிவுபடுத்துவதற்காக அதே நிறுவனத்தில் 2009-இல் பனியாற்றியல் மையம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. தனித் தேசிய நிறுவனமாக அதை வளர்த்தெடுக்கும் எண்ணமும் அப்போது இருந்தது. ஆனால் 2020-இல் அந்த மையத்தைத் தொடர வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டது. சில மாதங்கள் கழித்து, 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி, சமோலி மாவட்டத்தில் ரோந்தி சிகரத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. ரிஷிகங்கா மின் திட்டம் முற்றிலும் அழிந்தது. கட்டுமானத்தில் இருந்த 520 மெகாவாட் தபோவன் விஷ்ணுகாட் திட்டத்தின் சுரங்கத்தில் தொழிலாளர்கள் சிக்கினர். 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர்.

தொடக்கத்தில் பனியாறு உடைந்ததாகவே செய்திகள் வெளியாயின. பிறகு செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தபோது, அந்தச் சிகரத்தில் 2016-லேயே பெரும் பிளவு தோன்றியிருந்தது தெரியவந்தது. ஐந்து ஆண்டுகளாகப் படத்தில் இருந்த பிளவைக் கண்காணிக்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி இதினும் வேதனையான எடுத்துக்காட்டு. அது வளர்ந்து வருவது பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. அது உடையும் அபாயம் கணிசமானது என்று 2013-லேயே தேசியத் தொலையுணர்வு மைய விஞ்ஞானிகள் எச்சரித்திருந்தனர். ஏரியில் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தும் பணி தொடங்கியது 2023 செப்டம்பரில். அக்டோபர் 3-ஆம் தேதி நள்ளிரவையொட்டி ஏரி உடைந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது.

2024-இல் மத்திய அரசு பனியாற்று ஏரிகளின் அபாயத்தைக் குறைப்பதற்கென ரூ.150 கோடியில் தேசியத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அருணாசலப் பிரதேசம், ஹிமாசலப் பிரதேசம், சிக்கிம், உத்தரகண்ட் ஆகிய நான்கு மாநிலங்கள் அதில் இடம்பெற்றன. வரவேற்கத்தக்க முடிவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி உத்தரகாசி மாவட்டத்தின் தராலி கிராமம் சேற்றில் புதைந்தபோது பழைய குழப்பமே மீண்டும் தலைதூக்கியது. மேகவெடிப்பே காரணம் என்று முதலில் கூறப்பட்டது. ஆனால் சுற்றுப்புற வானிலை நிலையங்களில் பதிவான மழை அந்த அளவுக்கு இல்லை. ஓடையின் தலைப்பகுதியில் என்ன நடந்தது என்பதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஊகிக்க வேண்டியதாயிற்று.

பொறுப்பாளர்கள் பலர்

அரசு எதுவுமே செய்யவில்லை என்று குறைகூற முடியாது. சொல்லப்போனால், அளவுக்கு அதிகமான துறைகள் இதில் ஈடுபட்டுள்ளன என்பதே சிக்கல்.

2008 ஜூன் 30-ஆம் தேதி அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் வெளியிட்ட பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தில் எட்டு இயக்கங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதிக்கென அமைந்தது இமயமலைச் சூழலைக் காப்பதற்கான இயக்கம் மட்டுமே. ஆனால் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளிக்க 2014 பிப்ரவரி வரை ஆயிற்று. 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்துக்கென ரூ.550 கோடி நிர்ணயிக்கப்பட்டது. அந்தத் திட்டக் காலத்தில் அப்போது எஞ்சியிருந்தது மூன்றே ஆண்டுகள். அறிவியல், தொழில்நுட்பத் துறையின்கீழ் அமைந்த அந்த இயக்கத்தில் பனி, காடு, வன உயிரினங்கள், வேளாண்மை என ஆறு பணிக்குழுக்கள் வெவ்வேறு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

இதற்கிடையே சுற்றுச்சூழல் அமைச்சகம் இமயமலை ஆய்வுகளுக்கான தேசிய இயக்கம் என்ற பெயரில் தனியாக ஒன்றைத் தொடங்கி, அல்மோராவுக்கு அருகிலுள்ள கோவிந்த வல்லப பந்த் நிறுவனத்திடம் பொறுப்பை அளித்தது. புவி அறிவியல் அமைச்சகத்தின் கோவா துருவ ஆய்வு மையம், 2016-இல் ஸ்பிதியில் 13,500 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் "ஹிமான்ஷ்" என்ற ஆய்வு நிலையத்தைத் திறந்தது. இஸ்ரோவின் ஆமதாபாத் மையம் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து, குளோரியா முறையைப் பின்பற்றி உயர்மலைத் தாவரங்களைப் பதிவு செய்யும் "ஹிமாத்ரி" திட்டத்தை நடத்தியது. புவியியல் ஆய்வுத்துறை சுரங்க அமைச்சகத்தின் கீழும், ரூர்க்கியின் தேசிய நீரியல் நிறுவனமும் மத்திய நீர்வள ஆணையமும் ஜல்சக்தி அமைச்சகத்தின் கீழும் உள்ளன. பனிச்சரிவுகளைக் கண்காணிக்கும் அமைப்பு பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது.

நீர்வளத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 மார்ச்சில் பனியாறு மேலாண்மை குறித்து அளித்த அறிக்கையில் இந்தச் சிதறலைச் சுட்டிக்காட்டியது. ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்க ஓர் அமைப்பு வேண்டும் என்றும், உயரமான இடங்களில் அளவீட்டு நிலையங்களைப் பெருக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. ஏழு மாதங்களுக்குள் தெற்கு லோனாக் உடைந்தது.

பொறுப்பு சிதறிக் கிடப்பதைவிடப் பெரிய குறை, காலவரையறை. மத்திய அரசின் ஆய்வு நிதி பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுத் திட்டங்களாகவே வழங்கப்படுகிறது. முதல் ஆண்டு கருவி வாங்குவதிலும் அனுமதி பெறுவதிலும் கழிகிறது. ஆண்டில் சில மாதங்களே மேலே செல்ல முடியும். தரவுகள் சேரத் தொடங்கும்போது திட்டம் முடிகிறது. பயிற்சி பெற்ற இளம் ஆய்வாளர் வேறு வேலை தேடிப் போகிறார். அடுத்துவரும் திட்டம் புதிய பெயருடன், புதிய இடத்தில், புதிய முறையில் தொடங்குகிறது. இதனால் இரு பதிவுகளை ஒப்பிடவே முடியாமற்போகிறது. அமெரிக்காவில் நைவாட் ரிட்ஜ் உயர்மலை ஆய்வுக்களம் 1980-லிருந்து நீண்டகாலச் சூழலியல் ஆய்வுத் திட்டத்தின்கீழ் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு வருவது இதற்கு நேர்மாறான வழிமுறை.

மேய்ச்சல்காரர்களின் வழக்கு

கணக்கின்மையின் விலையை அணை கட்டுவோர் மட்டும் கொடுப்பதில்லை. மலைவாழ் மக்களும் கொடுக்கிறார்கள். உத்தரகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதையொட்டி அங்கே மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஆடுகளை ஓட்டிச் சென்றவர்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் பாலிகோனம் என்ற உயரமான செடி பள்ளத்தாக்கில் பரவி, சிறிய பூச்செடிகளை நெருக்குவது விவாதப் பொருளாயிற்று. மேய்ச்சலை நிறுத்தியதுதான் காரணம் என்று ஒரு சாரார் கூறினர். முன்பு ஆடுகள் அடைக்கப்பட்ட இடங்களிலும் நிலச்சரிவு ஏற்பட்ட இடங்களிலும்தான் அது செழிக்கிறது. தடை தொடர வேண்டும் என்று மறுசாரார் வாதிட்டனர். தடைக்கு முந்தைய முறையான தாவரக் கணக்கு இல்லாத நிலையில், பல பத்தாண்டுகள் கடந்தும் இந்த வாதம் ஓயவில்லை.

அருகிலுள்ள நந்தாதேவி தேசியப் பூங்காவின் உட்பகுதியும் 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன்பின் 1993-லும் 2003-லும் அறிவியல் குழுக்கள் உள்ளே சென்று நிலைமையைப் பதிவு செய்தன. 1974-இல் கௌரா தேவியின் தலைமையில் சிப்கோ போராட்டம் நடந்த ரேணி கிராமத்தினர் அந்த மூடலால் மேய்ச்சல் உரிமையை இழந்தவர்களில் அடங்குவர். 2021-இல் ரிஷிகங்கா வெள்ளம் பாய்ந்ததும் அதே ரேணியின் வழியேதான். மக்களை விலக்கிவைக்கச் சட்டம் இருந்தது. விலக்கியபின் மலையில் என்ன நடக்கிறது என்று ஆண்டுதோறும் பார்த்து எழுத ஏற்பாடு இல்லை.

புலி காட்டிய வழி

இந்த நாட்டில் நீண்டகாலக் கணக்கெடுப்பே சாத்தியமில்லையா என்றால், அப்படியும் இல்லை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலிகள் அடியோடு அழிந்துவிட்டது 2005-இல் தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. அப்போது அமைக்கப்பட்ட பணிக்குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 2006-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நாடாளுமன்றம் திருத்தம் செய்தது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் சட்டபூர்வமாக உருவானது. புலிகளின் எண்ணிக்கை, வாழிடத்தின் நிலை பற்றிய தகவல்களை அளிப்பது அதன் பணிகளில் ஒன்றாகச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. ஆணையத்தின் ஆண்டறிக்கை அவையில் வைக்கப்பட வேண்டும். விளைவாக 2006, 2010, 2014, 2018, 2022 என நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு தவறாமல் நடந்தது. ஆட்சி மாறியது; அமைச்சர்கள் மாறினர்; கணக்கெடுப்பு நிற்கவில்லை. 1,411 என்றிருந்த மதிப்பீடு 3,682 ஆக உயர்ந்தது. அந்த எண்களின் மீது விமர்சனம் வைப்பவர்கள்கூட அந்தத் தொடர்ச்சியின் துணையால்தான் அதைச் செய்ய முடிகிறது.

உயர்மலைகளின் சின்னமான பனிச்சிறுத்தைக்கு முதல் அகில இந்தியக் கணக்கு 2024 ஜனவரியில்தான் வெளியானது. 2019 முதல் 2023 வரை நடந்த அந்தக் கணக்கெடுப்பு, நாட்டில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாகவும், அவற்றில் 477 லடாக்கில் வாழ்வதாகவும் மதிப்பிட்டது. இது ஒரு தொடக்கப் புள்ளி. இரண்டாவது, மூன்றாவது கணக்குகள் அதே முறையில் எடுக்கப்பட்டால்தான் 718 என்ற எண்ணுக்குப் பொருள் உண்டாகும்.

தமிழகத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு, பெருமையும் உண்டு. முதுமலைக் காட்டில் இந்திய அறிவியல் கழகம் 1988-இல் 50 ஹெக்டேர் பரப்பைக் குறித்து, அதிலுள்ள மரங்களுக்கு எண்ணிட்டுக் கண்காணிக்கத் தொடங்கியது. பேராசிரியர் ஆர். சுகுமார் உள்ளிட்டோரின் உழைப்பில் வளர்ந்த அந்தப் பதிவு, தீ, வறட்சி, யானைகள் ஆகியவை காட்டை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை எடுத்துரைக்கிறது. 2015-இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது மத்திய அரசு அறிவித்த நீண்டகாலச் சூழலியல் கண்காணிப்பு மையங்களின் திட்டம் இத்தகைய அனுபவத்தின் மீது எழுந்ததே. மேற்கு இமயமலையும் அதில் இடம்பெற்றது. முதுமலையில் முடிந்தது முன்சியாரியில் முடியாதா என்ற கேள்வி நியாயமானது.

தடைகளும் தீர்வுகளும்

செயற்கைக்கோள்கள் இருக்கும்போது மலையேறி அளப்பது எதற்கு என்று அதிகாரிகள் சிலர் கேட்பதுண்டு. செயற்கைக்கோள் பரப்பைக் காட்டும். உயர வேறுபாட்டையும் ஓரளவு காட்டும். மண்ணின் வெப்பத்தையும், ஒரு சதுர மீட்டரில் எத்தனை வகைச் செடிகள் என்பதையும், பாறைமேட்டில் அன்று பெய்த மழையையும் அது காட்டாது. களத்தில் எடுத்த அளவுகோல் இல்லையேல் படத்தைச் சரிபார்க்கவும் வழியில்லை.

பாதுகாப்பு என்பது மற்றொரு தடை. உயர்மலைகளில் பெரும்பகுதி எல்லையை ஒட்டியது. அங்கே செல்ல அனுமதி வேண்டும். சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் நீரியல் தரவுகள் இரகசியப் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. அண்டை நாடுகளுடனான நீர்ப் பேச்சுகளைக் கருதினால் இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தாவரக் கணக்கும், மண் வெப்பமும், மழையளவும் இரகசியமாவதால் எந்த எதிரியும் தோற்கப் போவதில்லை. தாழ்வாரத்தில் வாழும் குடிமக்களே எச்சரிக்கையின்றி நிற்கிறார்கள்.

செலவு பெரிதா என்றால், அதுவும் இல்லை. குளோரியா முறைக்குத் தேவைப்படுவது அளவுநாடா, வெப்பமானி, செடிகளை அடையாளம் காணத் தெரிந்த இருவர், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பிவரும் உறுதி ஆகியவையே. பனியாற்றை அளப்பதற்கு இதைவிடக் கூடுதலாகும். இரண்டையும் சேர்த்தாலும், தீஸ்தா-3 திட்டம் ஒன்றில் ஏற்பட்ட இழப்போடு அது ஒப்பிடத்தக்கதன்று.

எனவே தேவைப்படுவது இன்னொரு புதிய இயக்கமோ, கவர்ச்சியான பெயரோ அல்ல. ஏற்கெனவே உள்ள கண்காணிப்புக் களங்களில் தொடர வேண்டியவை எவை என்று பட்டியலிட்டு, அவற்றுக்குத் திட்ட நிதியாக அல்லாமல் நிரந்தரச் செலவினமாக பட்ஜெட்டில் இடமளிக்க வேண்டும். அவற்றின் பதிவுகளை ஆண்டுதோறும் அவையில் வைக்கும் கடமை ஓர் அமைப்புக்குச் சட்டத்தின் மூலம் விதிக்கப்பட வேண்டும். உள்ளூர் மக்களை, குறிப்பாக மேய்ச்சல்காரர்களையும் மலைக் கிராம இளைஞர்களையும், ஊதியத்துடன் இதில் சேர்க்கலாம்; குளிர்காலம் முடிந்ததும் முதலில் மேலே செல்பவர்கள் அவர்களே.

2025-ஆம் ஆண்டை பனியாறுகளின் பாதுகாப்புக்கான சர்வதேச ஆண்டாகவும், மார்ச் 21-ஐ உலகப் பனியாறுகள் தினமாகவும் ஐ.நா. அறிவித்தது. தில்லியிலும் கருத்தரங்குகள் நடந்தன, உரைகள் நிகழ்த்தப்பட்டன. ஆனால் உரைகளால் மலை அளக்கப்படுவதில்லை. அடுத்த கூட்டத்தொடரிலும் பனியாறுகள் பற்றிய கேள்வி வரும், 14.9 மீட்டர் என்ற பதிலும் வரக்கூடும். உறுப்பினர்கள் அப்போது கேட்க வேண்டிய துணைக்கேள்வி ஒன்றே: எத்தனை இடங்களில், எத்தனை ஆண்டுகளாக, இடைவெளியின்றி அளக்கிறீர்கள்? அதற்கு நேரடியான விடை கிடைக்கும் நாள்வரை, இமயத்தைப் பற்றிய ஒவ்வொரு முடிவும் இருட்டில் எடுக்கப்படும் முடிவாகவே இருக்கும்.